இடம் மட்டும் ரகசியம்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள செல்வம்,

நலம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குத்தான் முட்டிவலி. மாடி ஏறுவதை விட்டுவிட்டு கீழ் அறைக்கே வந்துவிட்டார்கள். பண்ருட்டியில் பலாப்பழ வரத்து சூடுபிடித்துவிட்டதால் என் இரண்டு குட்டி யானை சரக்கு வண்டிக்கும் ஓய்வில்லை. ஒன்று விடிகாலையில் முதுநகர் துறைமுகத்துக்கு மீன் ஏற்றப் போகும், இன்னொன்று பழத்துக்கு. மீன் ஏற்றிய வண்டியை எத்தனை தடவை கழுவினாலும் பழ வியாபாரிகள் கிட்டே விடுவதில்லை.

பையனுக்குப் புதுச்சேரியிலேயே கல்லூரியில் இடம் கிடைத்தது ரொம்ப சந்தோஷம். அவனுக்கு பைக் வாங்கித் தரப்போவதாகவும், அதில் அவனுக்குத் தெரியாமல் ஒரு ஜிபிஎஸ் பொருத்தித் தர இங்கே ஆள் உண்டா என்றும் கேட்டிருக்கிறாய். ஆள் உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் என் வண்டிகளுக்குப் பார்க்கும் எலக்ட்ரீஷியனே செய்து கொடுப்பார். ஆனால் அந்த "அவனுக்குத் தெரியாமல்" என்பதுதான் எனக்கு இடிக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கருவியைச் சொல்கிறேன், ஏனென்றால் நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் கடையில் ஏதோ ஒன்றைக் காட்டி உன்னை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள்.

சாவிக்கொத்தில் மாட்டும் வட்ட வில்லை மாதிரியான டேக் ஒன்றைக் காட்டியிருக்கிறார்களே, அது ஜிபிஎஸ் இல்லை. புளூடூத். பக்கத்தில் யாருடைய போனாவது போனால் அந்தப் போன் மூலமாகத்தான் தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள புதுச்சேரி காந்தி வீதியில் நிறுத்தினால் அடிக்கடி தெரியும். பாகூர் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தின் ஓரம் கிடந்தால் எத்தனை மணி நேரம் சத்தமில்லாமல் இருக்குமோ. அதோடு, முன்பின் தெரியாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்று இன்றைய ஐபோனும் ஆண்ட்ராய்டும் எச்சரிக்கை கொடுத்துவிடும். 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு அது. பெண்களைப் பின்தொடர இந்த டேக்கைப் பயன்படுத்தினார்கள் என்று உலகம் முழுக்கப் புகார் வந்த பிறகு செய்தது. திருடன் கையிலும் போன் இருக்குமே, அவனுக்கும் அதே எச்சரிக்கைதான் போகும்.

நமக்கு வேண்டியது வண்டி பேட்டரியில் ஓடும் கருவி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுவது ஒன்று. அந்த இடத்தை ஒரு சிம் கார்டு வழியாக நம் போனுக்கு அனுப்புவது இன்னொன்று. செயற்கைக்கோளுக்கு இது எதையும் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை என்று யாராவது புலம்பினால் முக்கால்வாசி நேரம் சிம்தான் காரணமாக இருக்கும். ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், அல்லது சிம் இணையத்தோடு சேர்வதற்கான ஏபிஎன் அமைப்பைத் தப்பாகப் போட்டிருப்பார்கள், அல்லது 2ஜி மட்டும் தெரிந்த மலிவுக் கருவிக்குள் ஜியோ சிம்மைச் சொருகியிருப்பார்கள். ஜியோவில் 2ஜியே கிடையாது. இப்போது வாங்குவதென்றால் 4ஜி கருவியாகவே வாங்கு. சிம் உன் பெயரிலேயே இருக்கட்டும்.

பொருத்துவது பெரிய வித்தை இல்லை. சிவப்பு ஒயர் பேட்டரி பிளஸ்ஸுக்கு, நடுவில் ஒரு ஃப்யூஸ். கறுப்பு பாடி எர்த்துக்கு. மூன்றாவது ஒன்று இக்னிஷன் லைனுக்கு, சாவி போட்டதும் எடுத்ததும் அதற்குத் தெரிவதற்காக. ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் எங்கள் எலக்ட்ரீஷியன் நிறத்தை நம்பமாட்டார், மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் தொடுவார். என் மீன் வண்டியில் அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டேஷ்போர்டைக் கழற்றி, மீட்டர் போர்டுக்குப் பின்னால் வைத்து, ஆன்டெனா இருக்கும் முகம் வானத்தைப் பார்க்கும்படி திருப்பி, கம்பெனி ஒயர்கள் மேல் சுற்றியிருந்த அதே மாதிரி கறுப்பு டேப்பைப் புது ஒயர் மேலும் சுற்றினார். பளபளவென்று புது டேப் தெரிந்தால் திருடன் அங்கேதான் கை வைப்பான் என்று சொல்லி, டேப்பின் மேல் கொஞ்சம் புழுதியையும் கிரீஸையும் தடவிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

பைக்கில்தான் இடம் கஷ்டம். சீட்டுக்கு அடியில் வைப்பது எல்லோரும் செய்வது, திருடனும் முதலில் அங்கேதான் பார்ப்பான். டேங்குக்கு அடியில் வைத்தால் மேலே இரும்பு மறைத்துவிடும், சிக்னல் தவிக்கும். பிளாஸ்டிக்கும் ஃபைபரும் தடை செய்யாது. அதனால் முன்பக்க வைசருக்குள், ஹெட்லைட்டுக்குப் பின்னால் வைப்பது உத்தமம். சைலன்சர் சூடு எட்டாது, மழைத் தண்ணீர் நேராக விழாது. இன்னொரு விஷயம், பைக் பேட்டரி சின்னது. பையன் விடுமுறைக்கு ஊருக்கு வந்து வண்டி பத்துப் பதினைந்து நாள் நின்றால், தூங்கத் தெரியாத கருவி பேட்டரியை உறிஞ்சிவிடும், செல்ஃப் எடுக்காது. வண்டி நின்றதும் ஸ்லீப் ஆகும் கருவியா என்று கேட்டு வாங்கு. உள்ளே அதற்கென்று ஒரு குட்டி பேட்டரியும் இருக்கவேண்டும். பேட்டரி ஒயரை யாராவது பிடுங்கினால் "பவர் கட்" என்று உனக்கு உடனே செய்தி வரவும், அதற்குப் பிறகு சில மணி நேரம் இடம் காட்டவும் அதுதான் உதவும்.

போனிலிருந்தே எஞ்சினை அணைக்கும் ரிலே ஒன்றும் சேர்த்துத் தருவார்கள். கடைக்காரர்கள் அதைத்தான் பெருமையாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வேகம் குறைந்த பிறகுதான் அணையும்படி பல கருவிகளில் ஏற்பாடு இருக்கிறது, இருந்தாலும் ஈசிஆரில் பின்னால் பஸ் வரும்போது வண்டி செத்துப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அதுவும் பைக். கூடவே இன்னொரு பயமும் உண்டு. இந்தக் கருவிகள் பலவும் 123456 என்ற பாஸ்வேர்டோடு வருகின்றன, முக்கால்வாசிப் பேர் மாற்றுவதே இல்லை. 2022 ஜூலையில் ஒரு பிரபலமான மாடலில் ஓட்டை இருக்கிறது, வெளியாள் புகுந்து வண்டி எங்கே போகிறது என்று பார்க்கலாம், எரிபொருளையும் துண்டிக்கலாம் என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பே எச்சரித்தது. நீ உன் பையனைப் பார்க்க வைத்த ஜன்னலில் யார் யாரோ எட்டிப் பார்க்கலாம் என்று அர்த்தம். ஆகவே முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது.

அடுத்து நேரம். கருவி உலகப் பொது நேரத்தில்தான் எழுதும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி சேர்த்து அமைக்கவேண்டும். புதிதாக மாட்டிய அன்று ஆப்பைத் திறந்தால், விடிகாலை 4 மணிக்குத் துறைமுகம் கிளம்பிய வண்டி முந்தின ராத்திரி 10.30-க்கே கிளம்பியதாகக் காட்டியது. டிரைவர் வீட்டில் பஞ்சாயத்து ஆகியிருக்கும்! அதே மாதிரி, தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டி ராத்திரியில் எழுந்து கெடிலம் ஆற்றுக்குள் இறங்கி மறுபடி கரையேறியதாகவும் படம் போடும். சிக்னல் மங்கும்போது கணக்குத் தடுமாறுகிறது, அவ்வளவுதான். சாதாரணமாகவே ஐந்து பத்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும். புள்ளி எந்த வீட்டின் மேல் நிற்கிறதோ அந்த வீட்டுக்குள்தான் பையன் இருக்கிறான் என்று முடிவு கட்டிவிடாதே.

டவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாயே. நல்ல கருவி கணக்கைத் தனக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டு டவர் வந்ததும் மொத்தமாக அனுப்பும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தபோது என் பழ வண்டி வில்லியனூர் தாண்டி மாட்டிக்கொண்டது. போனும் இல்லை, புள்ளியும் இல்லை. வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் டவர் உயிர் பெற்றதும் கோடு கடகடவென்று தானாக நீண்டு, ஒரு கல்யாண மண்டப வாசலில் போய் நின்றது. டிரைவர் அங்கேதான் படுத்திருந்தார்.

எல்லைக்கோடு போட்டு வைக்கும் வசதியும் உண்டு, ஜியோஃபென்ஸ் என்பார்கள். கோட்டைத் தாண்டினால் போன் கத்தும். ஆனால் நம் ஊரில் அதைப் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். புதுச்சேரிதான் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறதே. வில்லியனூர் பக்கம், திருக்கனூர் பக்கம் எல்லாம் வண்டி நேராகத்தான் போகும், எல்லைதான் வளைந்து வளைந்து குறுக்கே வரும். மாநில எல்லையைக் கோடாகப் போட்ட என் நண்பர் ஒருவருக்கு நாள் முழுக்க போன் கத்திக்கொண்டே இருந்தது. நான் கடலூர் - புதுச்சேரி எல்லையில் இருக்கும் ஆல்பேட்டை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு வட்டம் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். டீசல் புதுச்சேரியில் விலை குறைவு. அங்கே போட்டுவிட்டு கடலூர் பங்க் பில் கொண்டுவரும் வழக்கம் டிரைவர்கள் மத்தியில் உண்டு என்பது உனக்குத் தெரியாததா.

இங்கேதான் உன் விஷயத்துக்கு வருகிறேன். என் டிரைவர்கள் இரண்டு பேருக்கும் வண்டியில் ஜிபிஎஸ் இருப்பது தெரியும். மாட்டும் முன்பே சொல்லிவிட்டேன். எங்கே இருக்கிறது என்பது மட்டும் எனக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். மீன் வண்டிக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் அவரே அதைத் தனக்குச் சாதகமாக ஆக்கிக்கொண்டார். மீன் லேட்டாக வந்தது என்று ஏலக்காரர் கத்தினால், "ஓனர் போனில் பாருங்கள், நான் எத்தனை மணிக்கு வந்தேன் என்று" என்கிறார். சொல்லாமல் மாட்டியிருந்து, பிறகு ஒருநாள் டேஷ்போர்டைக் கழற்றும்போது அவர் கண்ணில் பட்டிருந்தால், அன்றைக்கே சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

எலக்ட்ரீஷியனிடம் போன மாதம் ஒருவர் வந்து, மனைவியின் ஸ்கூட்டியில் அவருக்குத் தெரியாமல் மாட்டித் தரச் சொன்னாராம். ஆர்சி யார் பெயரில் என்று கேட்டிருக்கிறார். மனைவி பெயரில். "அம்மாவையே கூட்டிக்கொண்டு வாங்க சார், மாட்டித் தர்றேன்" என்று அனுப்பிவிட்டார். அவருக்குச் சட்டம் தெரியாது, ஆனால் சட்டமும் ஏறக்குறைய அவர் பக்கம்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் இன்னொரு வழக்கு. ஜாமீனில் போகிறவர் கூகுள் மேப்பில் தன் இடத்தை விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அது செல்லாது, ஒருவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் கண்காணிக்கும்படி ஜாமீன் நிபந்தனை இருக்கக்கூடாது என்றது நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த மரியாதை இருக்கும்போது, பொறியியல் படிக்கப் போகிற உன் பையன் என்ன பாவம் செய்தான்?

நீ பயப்படுவது நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. புதுச்சேரி என்றதும் உனக்கு என்ன ஞாபகம் வருகிறது என்பது எனக்குத் தெரியாதா, நாம் இரண்டு பேரும் சைக்கிளில் போய் வந்த ஊர்தானே அது. நம் அப்பாக்களிடம் இந்தப் பெட்டி இருந்திருந்தால் நம் கதி என்ன என்று கொஞ்சம் நினைத்துப் பார். அவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவானோ என்பதுதான் உன் கவலை என்றால், அந்தப் பெட்டி அதைச் சொல்லாது. எங்கே நின்றான் என்று சொல்லும், எந்த நிலையில் நின்றான் என்று சொல்லாது. ஒயின் ஷாப்புக்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடையும் இருக்கும். நீ ராத்திரி பதினோரு மணிக்குப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடப்பாய், கேட்கவும் முடியாது, கேட்டால் எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்பான்.

அதனால் அவனையும் கூட்டிக்கொண்டு வா. திருட்டுக்காக மாட்டுகிறோம் என்று சொல். அது உண்மையும்கூட, கல்லூரி வாசலில் நிற்கும் பைக்குக்கு அது வேண்டியதுதான். ஆப்பை அவன் போனிலும் போட்டுக்கொடு, வண்டி காணாமல் போனால் முதலில் தெரியவேண்டியது அவனுக்குத்தான். அப்படி ஒருநாள் போய்விட்டால் புள்ளியைத் துரத்திக்கொண்டு அவன் மட்டும் தனியாகப் போகக்கூடாது, லைவ் லிங்க்கைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து அவர்களோடுதான் போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வை. எந்த மாநில எல்லையில் வண்டி நின்றாலும் பக்கத்து ஸ்டேஷனிலேயே புகாரைப் பதிவு செய்யலாம்.

ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் வருவதாக எழுதியிருந்தாயே, அப்போதே வண்டியையும் கொண்டுவந்துவிடு. எலக்ட்ரீஷியன் கடை ஞாயிறு லீவு. மாட்டி, சோதித்துப் பார்க்க அரை நாள் ஆகும், சாப்பாடு நம் வீட்டில்தான். சிம் மட்டும் ஊரிலேயே வாங்கி, அதில் பின் நம்பர் (PIN) லாக் இருந்தால் எடுத்துவிட்டுக் கொண்டுவா. வண்டி புதுசு என்பதால் வாரண்டி விஷயத்தையும் ஷோரூமில் முன்கூட்டியே கேட்டுக்கொள். சில இடங்களில் ஒயரைக் கீறினாலே கை விரித்துவிடுகிறார்கள். அப்படி என்றால் ஒயரைக் கீறாமல், ஒயர்கள் சேரும் கப்ளரில் சொருகும் மாதிரிக் கருவியை எடுத்து வைக்கச் சொல்கிறேன். பதிலில் மாடல் பெயரை எழுது.

அன்புடன்,
குமரவேல்