‘என்னை எடுத்துக்கோ சாமி’ என்பவரிடம் முதலில் எதைக் கேட்பது?

ஆசிரியருக்கு,

வணக்கம். முற்றிய புற்றுநோயில் படுத்துவிட்டவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ‘இன்னும் ஏன் இழுத்துக்கொண்டு கிடக்கணும், கருணைக்கொலையைச் சட்டமாக்கினால் என்ன’ என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். இரக்கத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால், காலையில் ‘என்னை எடுத்துக்கோ சாமி’ என்று புலம்பியவர் சாயங்காலம் பேத்திக்குக் காதுகுத்து எந்தத் தேதியில் என்று விசாரிப்பது ஆதரவு சிகிச்சைப் பணியில், அதாவது குணமாக்க முடியாத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் பணியில், இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காலையில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவெடுக்கலாமா என்பதே எங்கள் கேள்வி.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவின் வினிபெக் நகரில் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவும் அவர் குழுவினரும், கடைசிக் கட்டப் புற்றுநோயாளிகள் 168 பேரிடம் நாளுக்கு இரண்டு வேளை 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றைக் கொடுத்து, வாழும் ஆசை அந்த நேரத்தில் எவ்வளவு என்று குறிக்கச் சொன்னார்கள். முடிவு 1999இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. ஒரே நோயாளியின் குறி 12 மணி நேரத்துக்குள்ளேயே ஏறி இறங்கியதில் அதிகபட்ச மாற்றத்தை எடுத்துப் பார்த்தால், அது சராசரியாக 30 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. அதை ஆட்டிவைத்தவை மனச்சோர்வு, பதற்றம், மூச்சுத்திணறல், உடம்பு சுகமாக இருக்கிறதா இல்லையா என்ற உணர்வு ஆகிய நான்கும். அதே மருத்துவர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், 200 பேரில் 44.5 விழுக்காட்டினருக்குச் சாவு சீக்கிரம் வரட்டும் என்ற நினைப்பு எப்போதாவது வந்துபோனது. அது விடாப்பிடியாக நின்றது 8.5 விழுக்காட்டினரிடம்தான். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது.

அந்த நான்கில் வலி இல்லையே என்று கேட்கலாம். அது ஆதரவு சிகிச்சைக்கென்றே இருந்த பிரிவு, வலியை ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருந்த இடம். நம் ஊரில் வலியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கடும் வலிக்கு, அபினியிலிருந்து எடுக்கும் வலிநிவாரணியான மார்ஃபின் மாத்திரை. பழக்கமில்லாத நோயாளிக்குப் பெரும்பாலும் 5 மில்லிகிராம், தளர்ந்த முதியவருக்கு 2.5, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. நடைமுறையில் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று எழுதிக் கொடுப்போம். இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. இடையில் வலி முட்டினால் ஒரு வேளை அளவைக் கூடுதலாகக் கொடுக்கலாம். அப்படி எத்தனை முறை கொடுக்க நேர்ந்தது என்பதை நோட்டில் குறித்து வைத்தால், மறுநாள் அளவை எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவர் அதிலிருந்து கணக்கிடுவார். கெட்டுப்போவது இங்கேதான். ‘பழகிடும், கடைசிக்கு வச்சுக்கலாம்’ என்று வீட்டார் மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள், வலி உச்சத்துக்குப் போன பிறகே எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்போது அது வேலை செய்ய அரை மணி, முக்கால் மணி ஆகும். நோயாளி பயந்துகொண்டே அடுத்த வலிக்குக் காத்திருப்பார். வலியின் அளவைப் பார்த்து மெதுவாகக் கூட்டினால் மார்ஃபின் மூச்சை நிறுத்திவிடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு மட்டும் மருந்து உடம்பில் தேங்கும். அதிகத் தூக்கம், கை கால் வெட்டி இழுப்பது ஆகியவை அதன் அறிகுறி, உடனே சொல்ல வேண்டும். மார்ஃபின் எடுப்பவருக்குப் பக்கத்து கிளினிக்கில் பென்டசோசின் என்ற வேறொரு வலி ஊசி போடுவதும் நடக்கிறது. அது மார்ஃபினின் வேலையைக் கெடுக்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் மயக்கமும் குமட்டலும் வந்து போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. அதனால் மார்ஃபின் சீட்டில் பிசகோடில் போன்ற மலமிளக்கி இல்லையென்றால் அந்தச் சீட்டு பாதிச் சீட்டு. மூன்று நாள் மலம் போகாமல் இருந்து, பிறகு தண்ணீராகக் கசிந்தால் அது வயிற்றுப்போக்கு அல்ல. உள்ளே கட்டியாக அடைத்திருப்பதைச் சுற்றி ஒழுகுவது. அதற்குப் பேதி நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் வயிறு உப்பி, சிறுநீர் அடைத்து, மனம் குழம்பி, ‘போதும்’ என்ற பேச்சு அன்று இரவே வந்துவிடும். எனிமாவில் தீரக்கூடிய ‘சாகணும்’ உண்டு என்றால் வாசகர்கள் நம்பத் தயங்குவார்கள். உண்மை அதுதான்.

புற்றுநோய் எலும்பில் பரவியதால் வரும் வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கதிர்வீச்சை ஒரே தவணையில் கொடுத்தாலே பலருக்குத் தணியும். முதல் சில நாள் வலி கூடலாம், முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாததால், ‘கரண்டு வச்சும் பிரயோசனம் இல்லை’ என்று நொந்துபோகிறார்கள்.

மூச்சுத்திணறலுக்கு எல்லோரும் முதலில் தேடுவது ஆக்சிஜன் சிலிண்டர். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவருக்கு அதனால் பெரிய பலன் இல்லை. ஜன்னலைத் திறந்து, ஆட்களை விலக்கி, முன்னால் தலையணை அடுக்கி அதன்மேல் சாய்ந்து உட்கார வைத்து, கையடக்க மின்விசிறியைக் கன்னத்துக்கும் மூக்குக்கும் நேராகக் காட்டுவது அதைவிட உதவும். குறைந்த அளவு மார்ஃபினும் திணறலைத் தணிக்கும், மருத்துவர் சொல்லும் அளவில்.

புண்ணிலிருந்து வரும் நாற்றம் நோயாளியைத் தனியாக்கிவிடுகிறது. பேரன் கிட்ட வர மாட்டேன் என்கிறான் என்றால் அவருக்கு வாழ என்ன இருக்கிறது? ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்புக் கரைத்துப் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவினால் சில நாளில் நாற்றம் அடங்கும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது, அதே உப்புத் தண்ணீரில் நனைத்து எடுக்க வேண்டும். கட்டு மாற்றுவதற்கு அரை மணி முன்பே ஒரு வேளை மார்ஃபின் கொடுத்துவிடலாம்.

மருந்தால் ஆகாத ஒன்றும் உண்டு: ‘எல்லாருக்கும் பாரமா இருக்கேன்.’ இதை வாயால் சொல்லாமல் செயலில் காட்டுபவர்களே அதிகம். மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்குமே என்று மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். ‘பசிக்கலை’ என்பார்கள். கூடத்து நடுவில் கட்டில், போகிறவர் வருகிறவர் பார்க்க டயபர் மாற்றுவது. ஒரு பழைய புடவையைக் குறுக்கே கட்டி மறைப்பதற்குச் செலவே இல்லை. ஆண்களுக்கு ஆணுறை போல் மாட்டும் சிறுநீர்ப் பை, எழுந்து உட்கார முடிந்தவருக்குக் கட்டில் ஓரத்தில் கமோடு நாற்காலி, கூப்பிடுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மணி. இவ்வளவிலேயே பேச்சு மாறுவதுண்டு. காய்கறிக் கணக்கு, நிலத்துப் பத்திரம் என்று ஏதாவது ஒன்றில் அவருடைய யோசனையைக் கேட்பதும் அப்படித்தான். நோயை மறைத்துவைத்து, வீடே கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தால் எதையும் கேட்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் சாவைப் பற்றியே பேசினால், பேச்சை மாற்றாதீர்கள். ‘அப்படியெல்லாம் சொல்லாதீங்கப்பா, சரியாயிடும்’ என்றால் அவர் அடுத்த முறை சொல்லவே மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, உறவுக்கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ‘எது தாங்க முடியலை? எதை நினைச்சுப் பயமா இருக்கு? இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு மாறணும்னா எது?’ என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பசியின்மையும் தூக்கமின்மையும் நோயாலேயே வரும், அவற்றை வைத்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியாது. பிடித்த ஆள் வந்தாலும் முகம் மலரவில்லையா, எதற்கும் தானே காரணம் என்று குற்றவுணர்வில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், அதனால் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும். எப்படிச் சாவது என்று வழி யோசித்து வைத்திருப்பவர் என்றால் அன்றே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். மாத்திரைப் பெட்டிக்குப் பூட்டு, தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து வீட்டிலேயே கூடாது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம்.

சட்டத்தைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. ஊசி போட்டுக் கொல்வது இந்தியாவில் குற்றம். பலனில்லாத உயிர்காப்புக் கருவி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்று, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். வென்டிலேட்டர் வேண்டாம் என்பவர் வலி மருந்தும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த இரண்டையும் மருத்துவமனைகளே சில நேரம் போட்டுக் குழப்புகின்றன.

மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அபினிச் செடி அரசு உரிமத்தோடு பயிராகும் நாடு இது. 2014 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மார்ஃபின் வைத்திருக்க மருத்துவமனைக்குப் பல துறைகளின் உரிமம் தேவையில்லை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் போதும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் ஆதரவு சிகிச்சையும் அடங்கும். செவிலியர் வீடு தேடிப் போய்விடுகிறார், அவர் பையில் இருக்க வேண்டிய மாத்திரைக்கு நோயாளியின் மகன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டுமா? வட்ட மருத்துவமனைகள் அனைத்துக்கும் இந்த அங்கீகாரம் பெற்றுத்தர அரசு முன்வர வேண்டும். அங்கீகாரம் பெற்றவை எவை, அவற்றில் மாத்திரை இருப்பு உள்ளதா என்ற விவரத்தை மாவட்டவாரியாகக் கேட்டு வாங்கி உங்கள் நாளிதழ் வெளியிட்டால், மருந்துக்கு எங்கே போவது என்று தெரியாமல் அலைபவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வீட்டுவழி ஆதரவு சிகிச்சைப் பணியிலுள்ள செவிலியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்