பெற்றோருக்குக் கடிதம்: ஏழாம், எட்டாம் நிலைகளின் பர்மிங்ஹாம் பாடம் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நமது வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஏழாம், எட்டாம் நிலை மாணவர்களுக்கு, 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் பள்ளிப் பிள்ளைகள் நடத்திய போராட்டத்தைப் பிப்ரவரி மாதப் பேச்சுப் பயிற்சிக்கு வைத்திருக்கிறோம். அறிவிப்பைப் பார்த்துவிட்டு உங்களில் சிலர் எழுதிய மின்னஞ்சல்களைப் படித்தேன். "தமிழ் கற்கத்தானே அனுப்புகிறோம், இந்த நாட்டு அரசியல் எதற்கு?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். "போலீஸை எதிர்த்துப் பேசப் பழக்கினால் நாளைக்கு யார் பொறுப்பு? நாங்கள் விசாவில் இருப்பவர்கள்" என்று வேறு சிலர் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியில் உள்ள அச்சம் நியாயமானது. ஆகவே பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அன்றைய பர்மிங்ஹாமில் உணவகம், கழிப்பறை, குடிநீர்க் குழாய், பள்ளிக்கூடம் என அனைத்தும் நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்தன. வேலை பறிபோகும் என்ற பயத்தில் கறுப்பினப் பெரியவர்கள் பலர் தெருவில் இறங்கத் தயங்கினார்கள்; ஏப்ரல் 12 அன்று மார்ட்டின் லூதர் கிங் கைதான பிறகும் போராட்டம் வலுப்பெறவில்லை. இழப்பதற்கு வேலை இல்லாத மாணவர்களை அழைக்கலாம் என்று ஜேம்ஸ் பெவல் என்ற இளம் போதகர் வற்புறுத்தினார். அடித்தாலும் திருப்பி அடிக்காமல் இருப்பதற்கு அவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி தரப்பட்டது. மே 2 அன்று பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து பிள்ளைகள் அணி அணியாகப் பாடிக்கொண்டு வெளியே வந்து கைதானார்கள். மறுநாள், காவல்துறைக்குப் பொறுப்பான நகர ஆணையர் யூஜின் 'புல்' கானர், தீயணைப்புக் குழாய்களை அவர்கள்மீது திருப்பவும் போலீஸ் நாய்களை ஏவவும் உத்தரவிட்டார். சிறைகள் நிரம்பியதால் பிள்ளைகளைப் பொருட்காட்சித் திடலில் அடைத்துவைத்தார்கள். அந்தப் புகைப்படங்கள் உலகெங்கும் அச்சானதையடுத்து, மே 10 அன்று நகரத்து வணிகர்களுடன் உடன்பாடு அறிவிக்கப்பட்டது.

ஒரு தலைமையாசிரியராக என்னை அதிகம் யோசிக்க வைப்பது இந்த வரலாற்றின் வேறொரு பகுதி. அங்கே ஒரு பள்ளியில், மாணவர்கள் வெளியே போய்விடக் கூடாது என்று தலைமையாசிரியர் வாயிற்கதவைப் பூட்டினார். மாணவர்கள் வேலியேறிக் குதித்துப் போனார்கள். அவரைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். பெற்றோர் நம்பி ஒப்படைத்த பிள்ளைகளை நாய்களின் முன்னால் அனுப்புவதற்கு எந்த ஆசிரியருக்கும் மனம் வராது, நானும் பூட்டியிருக்கக்கூடும். ஆனால் நகரக் கல்வி வாரியம் அதன் பின் செய்ததற்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. போராட்டத்தில் கலந்துகொண்ட 1,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை, பள்ளியாண்டு முடிய இன்னும் சில நாட்களே இருந்த நேரத்தில், இடைநீக்கம் செய்தும் வெளியேற்றியும் வாரியம் ஆணையிட்டது. மே 22 அன்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டில் அந்த நடவடிக்கையை நிறுத்திவைத்தார். கதவைப் பூட்டியதும் பெயரை நீக்கியதும் அதிகாரத்தின் செயல்களே என்றாலும், முதலாவது பிள்ளைகளின் உயிருக்குப் பயந்து செய்யப்பட்டது. இரண்டாவது, கேள்வி கேட்டதற்குத் தண்டனையாகச் செய்யப்பட்டது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் தங்கள் சொந்தத் தமிழில் விவாதிக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம். பிள்ளைகளை முன்னே நிறுத்தியது சரிதானா என்பதும் விவாதத்தில் வரும். அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த ராபர்ட் கென்னடியும், அவரோடு வேறெதிலும் எளிதில் ஒத்துப்போகாத கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸும் அன்று அதைக் குறை கூறினார்கள்.

இது பழங்கதை என்று கருதுவோருக்காக மினியாபொலிஸ் நகரில் நடந்ததையும் சேர்த்திருக்கிறோம். 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை டெரெக் சாவின் என்ற காவலர் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக முழங்காலால் அழுத்திக் கொன்றார். காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கை, மருத்துவக் காரணத்தால் ஒருவர் இறந்ததாகத்தான் கூறியது. முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அங்கே நின்றிருந்த 17 வயதுப் பெண் ஒருத்தி தன் கைபேசியில் எடுத்த காணொளியே உண்மையை வெளிக்கொணர்ந்தது. அந்த இடத்தில், பணியில் சேர்ந்து சில நாட்களே ஆன இளங்காவலர் ஒருவர், கீழே கிடந்தவரைப் பக்கவாட்டில் புரட்டலாமா என்று கேட்டார், மூத்தவரான சாவின் மறுத்தார், மறுபடியும் கேட்டார், பலனில்லை, அதற்கு மேல் தடுக்காமல் உடன் இருந்தார். 2021இல் சாவின் கொலைக் குற்றவாளியெனத் தீர்ப்பானது. மறு ஆண்டு, மருத்துவ உதவி தரத் தவறியதற்காக அந்த இளங்காவலரும் குற்றவாளியானார். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றே நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்த இடத்தில் நம் பிள்ளை நின்றிருந்தால் இரண்டாம் முறையாவது கேட்டிருக்குமா என்பது எனக்குத் தெரியவில்லை.

"இது அவர்கள் பிரச்சினை, நமக்கேன் வம்பு" என்று எழுதிய அன்பருக்கு: இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல் அந்தத் தடை நீங்கியபோதும், ஆண்டுக்கு 100 இந்தியருக்கு மட்டுமே குடியேற இடம் தரப்பட்டது. நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறிய மறு ஆண்டான 1965இல், அதே எழுச்சியின் காலத்தில்தான், பிறந்த நாட்டை வைத்துக் குடியேற இடம் ஒதுக்கும் அந்த முறை கைவிடப்பட்டது. நம்மில் பெரும்பாலோர் இங்கு வந்தது அதற்குப் பிறகு திறந்த வழியாகத்தான். 2015இல் அதே அலபாமாவில், மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் இந்தியத் தாத்தா காலையில் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, ஒல்லியான கறுப்பர் ஒருவர் நடமாடுவதாக யாரோ தந்த தகவலின்பேரில் வந்த காவலர் அவரைத் தரையில் வீழ்த்தினார். முதுகுத்தண்டில் அடிபட்டு அவருடைய உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நம் வீட்டுப் பெரியவர்களும் மாலையில் நடக்கப் போகிறவர்கள்தாம்.

எழுதத் தயங்கிய ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சென்ற பருவத்தில் ஒரு மாணவி ஆசிரியையிடம், "என் கறுப்பினத் தோழியின் வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது என்கிறார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாமாம், ஏன் மிஸ்?" என்று கேட்டாள். ஆசிரியை என்னிடம் வந்தார். நாங்கள் இருவரும் அவளுக்குச் சொன்ன பதில் அவளுக்குப் போதவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று எழுதப் போவதில்லை. பல வீடுகளில் நடப்பதுதான். அந்தக் கேள்விக்கான பதில் வகுப்பறையில் இல்லை.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். போராட்டத்துக்குப் போகச் சொல்லிப் பள்ளி எவரையும் தூண்டாது. குடியுரிமை இல்லாதவர் கைதானால் விசாவுக்குப் பாதிப்பு வரலாம். அந்த முடிவு குடும்பத்தினுடையது, தேவையெனில் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டு எடுக்க வேண்டியது. நாங்கள் தரவிருக்கும் பயிற்சி அடக்கமானது. காவலர் நிறுத்தினால் ஓடக் கூடாது, கைகள் தெரியும்படி இருக்க வேண்டும், திமிறக் கூடாது, "நான் போகலாமா?" என்று மரியாதையாகக் கேட்கலாம், பெற்றோரோ வழக்கறிஞரோ இல்லாமல் விசாரணைக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை எனலாம், சோதனையிடச் சம்மதம் கேட்டால் மறுக்கலாம், மறுத்தும் சோதித்தால் தடுக்காமல் காவலரின் பெயரையும் எண்ணையும் நினைவில் வைத்துப் பின்னர் புகார் செய்யலாம். பொது இடத்தில் காவலரின் பணியைக் குறுக்கிடாமல் படமெடுப்பது உரிமை என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன.

அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் பழக்கம் எங்களிடமிருந்தே தொடங்கிவிட்டது என்பதையும் தெரிவிக்க வேண்டும். வகுப்பில் ஆங்கிலம் பேசினால் மதிப்பெண் குறைக்கும் விதியை எதிர்த்து எட்டாம் நிலை மாணவர்கள் எனக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். பிழைகள் மலிந்த, ஆனால் வாதத்தில் குறை சொல்ல முடியாத தமிழ். விதியை நீக்க எனக்கு இன்னும் சம்மதமில்லை. காரணங்களை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். மறுப்புரை தயாராகி வருவதாகக் கேள்வி.

மேற்படி வகுப்புகளில் பெற்றோர் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். பிள்ளை கலந்துகொள்வதை விரும்பாதவர்கள் இம்மாத இறுதிக்குள் எனக்கு எழுதினால், அவர்களுக்கு அதே நேரத்தில் நூலகத்தில் வேறு வாசிப்புப் பயிற்சி தரப்படும். மதிப்பெண்ணில் எந்த மாற்றமும் இராது. பாடப் பிரதி இக்கடிதத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. காவலர் தாக்கும் புகைப்படங்கள் இரண்டு அதில் இருப்பதால், பிள்ளைகள் பார்க்கும் முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்