இடம் மாறும் கருவிகளுக்கும் மின் வரைபடத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவைப் பகுதியில் சிறு தொழிற்கூடங்களுக்கு ஒயரிங் வேலை எடுத்துச் செய்து வருபவன் நான். புதிதாக ஷெட் கட்டுகிறவர்கள் லேத், மில்லிங், கம்பிரஸர் எங்கே நிற்கும் என்பதை அங்குலக் கணக்கில் குறித்துக் கொடுக்கிறார்கள். ஆனால் கிரைண்டர், டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட் என நாளுக்கு நாள் இடம் மாறும் கருவிகளுக்கு எங்கிருந்து மின்சாரம் எடுப்பது என்று கேட்டால், 'சுவரில் நாலு பிளக் பாயிண்ட் போட்டுவிடுங்கள்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அண்மையில் பழுது பார்க்கப் போன 40 மீட்டர் நீள ஷெட் ஒன்றில் பிளக் பாயிண்டுகள் எல்லாம் வாசல் பக்கமே இருந்தன. கடைசி மூலையில் 7 அங்குல கிரைண்டர் பிடித்திருந்தவருக்கு, மூன்று இடத்தில் ஒட்டுப் போட்ட எக்ஸ்டென்ஷன் ஒயர் வழியே மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. பிளக் இல்லாததால் ஒயர் முனைகளைச் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சியால் இறுக்கியிருந்தார்கள்; எர்த் ஒயர் வெட்டி மடக்கப்பட்டிருந்தது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 30 மீட்டருக்கு 10 ஆம்பியர் போனால் ஏறத்தாழ 12 வோல்ட் ஒயரிலேயே வீணாகிச் சூடாக மாறிவிடும். மிச்ச ஒயரைச் சுருளாக விட்டு வேலை செய்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி மேலுறையே இளகும்.

அதைவிட மோசம், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் கதி. ஷெட் முழுவதற்கும் ஒன்றுதான். பழைய வெல்டிங் செட்டில் கசிவு ஏற்படும்போதெல்லாம் லேத்தும் விளக்கும் சேர்ந்து நின்றுபோனதால், பொறுமை இழந்த யாரோ அதைத் தாண்டி நேரடியாக இணைப்பு கொடுத்துவிட்டார்கள். உற்பத்தி நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தவறு அவரிடம் அல்ல, வரைபடத்தில் இருந்தது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்க வேண்டிய இடத்தில் மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மட்டும் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி. மட்டுமே மிஞ்சியது. அது ஒயரைக் காக்குமே தவிர, ஆளைக் காக்காது.

தரைக்குக் கான்கிரீட் போடும் முன்பே, வேலை செய்யப் போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு ஷெட்டை ஒருமுறை நடந்து பார்த்தால் போதும், எந்த மூலையில் என்ன கருவி ஓடும் என்பது தெரிந்துவிடும். பத்து மீட்டருக்கு ஒரு தூணில் தொழிற்சாலை வகைச் சாக்கெட் பெட்டி, பெட்டிக்கு ஒரு தனி சர்க்யூட், அதற்கென ஒரு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் என்று அமைத்தால், ஒன்று டிரிப் ஆனாலும் மற்றவை ஓடும். வெல்டிங் செட்டுக்கு 32 ஆம்பியர் சாக்கெட்டைத் தனியே ஒதுக்குவது நல்லது. தொட்டி, குழி போன்ற இடங்களில் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கோ கருவியோ கூடாது என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஏ பிரிவிலேயே இடம்பெற்ற விதி; அத்தகைய வேலை உள்ள கூடங்களில் மின்னழுத்தத்தை அந்த அளவுக்குக் குறைக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் இடம் குறித்துவிட வேண்டும்.

வரைபடத்தைச் சரிபார்க்கும் அலுவலர்களும், தொழிற்பேட்டைச் சங்கங்களும், இந்தச் சாக்கெட்டுகளும் அவற்றின் தனித்தனி சர்க்யூட்டுகளும் அதில் உள்ளனவா என்று கேட்கத் தொடங்க வேண்டுகிறேன். இப்போது அதைக் கேட்பது ஒயரிங் வேலைக்கு வரும் நாங்கள் மட்டும்தான். அதற்குள் தரை போட்டு முடித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு மின் ஒப்பந்ததாரர்,
கோவை.