ஆடி விடுமுறைக்கு ஊர் வரும் உறவுகளுக்கு, முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள அண்ணாமார், அக்காமார், அவர்களுடைய பிள்ளைகள் எல்லோருக்கும்,

லண்டனோ ரொறன்ரோவோ சூரிச்சோ, பள்ளிக்கூடம் விட்டதும் நீங்கள் ஊருக்கு வெளிக்கிடுவது எங்களுக்குத் தெரியும். கட்டுநாயக்காவில் இறங்கி, ஹையேஸ் வான் பிடித்து, நல்லூர்த் திருவிழா, சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம், காணி அலுவல் என்று ஓடித் திரிந்த பிறகு, களைப்பாற ஐந்தாறு நாள் பாசிக்குடாவிலோ நிலாவெளியிலோ பெந்தோட்டையிலோ ஹோட்டல். முல்லைத்தீவுக்கு அரை நாள்தான். வற்றாப்பளை அம்மன் கோயிலில் ஒரு அருச்சனை, முள்ளிவாய்க்காலில் ஒரு விளக்கு, வட்டுவாகல் பாலத்தில் ஒரு படம். பொழுதுபட முன்னமே வான் திரும்பிவிடும்.

நான் கேட்க வந்தது இதுதான். அந்தக் களைப்பாறும் நாட்களை ஒரு கிழமையாக்கி, இங்கே எங்கள் கரையில் கழியுங்கள். துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி வராமல், ஓய்வெடுக்க வாருங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன விடுதியில் சமையல் பார்க்கிறவள். நீங்கள் வந்தால் எனக்கு வேலை நாள் கூடும். அதை ஒளித்துக்கொண்டு எழுத விருப்பமில்லை.

"அந்தக் கடலில் போய் எப்படியம்மா குளித்துக் கும்மாளம் போடுறது?" என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். கேட்பது நியாயம்தான். 2004 மார்கழியில் சுனாமி இந்த நகரையே வழித்துக்கொண்டு போனது. ஐந்து வருடம் முடிய முன்னம், 2009 வைகாசியில், போரின் கடைசி நாட்களில், இதே மணலில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. ஆனால் இங்கேயே இருக்கிற எங்களுக்கு இந்தக் கடலை விட்டால் வேறு கடல் இல்லை. மீள்குடியேறி வந்த சனம் வள்ளத்தைத் தள்ளியது இதே கடலில்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் பிள்ளைகள் உடுப்போடு விழுந்து குளிப்பதும் இதில்தான். மே 18இல் வாருங்கள், விளக்கேற்றுங்கள், கஞ்சி குடியுங்கள், சேர்ந்து அழுவோம். அதை மட்டும் செய்துவிட்டு, சிரிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் வேறு கரைக்குப் போகிறீர்களே, அப்போதுதான் எங்கள் ஊரை மயானமாக மட்டும் பார்க்கிறீர்களோ என்று மனம் சுடுகிறது. காசும் அந்தக் கரைக்கே போகிறது என்பது அடுத்த கதை.

கடல் விசயத்துக்கு வருவோம். ஓகஸ்டில் பெந்தோட்டைப் பக்கம் தென்மேல் பருவக்காற்று; அலை எழும்பிச் சிவப்புக் கொடி நாட்டியிருப்பார்கள். நீங்கள் காசு கட்டிப் போய் நீச்சல் குளத்தில் குளித்துவிட்டு வருகிறீர்கள். அதே தென்மேல் காற்றை நாங்கள் சோளகம் என்போம். அதே நாட்களில் எங்கள் பக்கம் அது தரையிலிருந்து கடலுக்கு வீசும், காலையில் கடல் அடங்கிக் கிடக்கும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை இந்தக் கரைக்கு நல்ல காலம். ஐப்பசிக்குப் பிறகு வாடை, அதுதான் வடகீழ்க் காற்று, தொடங்கினால் நாங்களே கிட்டப் போவதில்லை. மத்தியானத்துக்குப் பிறகு சோளகம் மணலை அள்ளிக் கண்ணில் போடும் என்பதையும் சொல்லவேண்டும். அந்த நேரம் நித்திரைக்கு. ஒரு கிழமை என்று நான் கேட்பதற்கு அந்த மத்தியான நித்திரையும் ஒரு காரணம். அரை நாளில் வந்து போகிறவருக்கு அது கிடைக்காது.

விடிய எழும்பக் கூடியவர்கள் கரைவலை பார்க்கலாம். இங்கே சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும். அதற்கு முன்னமே வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கும். பிறகு இரண்டு பக்கமும் கம்பான் கயிற்றைப் பிடித்துச் சனம் பின்பக்கமாக நடந்து நடந்து இழுக்கும். கயிற்றின் முனையில் நிற்கிறவர் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, மறுபடி தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவந்து முன்னால் பிடிப்பார். கேட்டால் உங்களுக்கும் ஒரு இடம் விடுவார்கள். நாலு இழுவையிலேயே உள்ளங்கை எரியும். மீன் சேருகிற வலைப் பையான மடி கரைக்குக் கிட்ட வரும்போது தண்ணீர் கொதிக்கிற மாதிரித் துள்ளும். சூடை, கீரி, காரல், நெத்தலி. அதிட்டம் இருந்தால் பாரையும் நிற்கும். வெளிநாட்டில் வளர்ந்த பொடியன் ஒருவன் மடிக்குள் கையைவிட்டுக் காரல் குத்தி அலறியதும், சுற்றி நின்ற சனம் சிரித்துவிட்டு அவனுக்கே ஒரு பை மீனைக் கொடுத்து அனுப்பியதும் எங்கள் விடுதியில் இன்னும் கதைக்கிற கதை. அந்த மீனைத்தான் மத்தியானம் பொரித்தேன்.

ஒன்று மட்டும் கவனம். அந்தக் கரை அவர்களுடைய பாடு, அவர்களுடைய சீவியம். வலை இழுக்கிற இடத்துக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுக்க வேண்டாம். எந்த இடத்தில் இறங்கிக் குளிக்கலாம் என்றும் அவர்களிடமே கேளுங்கள். முகத்துவாரப் பக்கம் தண்ணீர் அமைதியாகத் தெரியும், உள்ளே இழுவை இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நான் எழுதினால் மடல் முடியாது. நந்திக்கடல் களப்பு இறாலும் நண்டும் விடிய வரும். நண்டுக் குழம்புக்கு முருங்கையிலை, இறக்கும்போது ஒரு கை. இரவுக்குப் பிட்டு. பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழ் வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லவேண்டும், மீன் பார்த்து வாங்கவேண்டும். பாசிக்குடாவில் நாற்பது வகைச் சாப்பாடு அடுக்கி வைப்பார்கள், சரி. அங்கே உங்கள் அம்மாவின் கைப்பக்குவம் இருக்காது.

கரையிலேயே கிடந்து அலுத்துப்போனால் வெளிக்கிடலாம். ஓட்டோ போதும். வற்றாப்பளைக்கு அருச்சனைச் சிட்டை வாங்கிக்கொண்டு ஓடாமல், பின்னேரம் போய்க் கோயிலுக்குப் பக்கத்தில் நந்திக்கடல் ஓரமாக இருங்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள்: மாடு மேய்த்த சிறுவர்களிடம் பசிக்கிறது என்று அம்மன் ஒரு கிழவியாக வந்ததையும், பொழுதுபட்டுவிட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றதும் உப்புத் தண்ணீரை ஊற்றி ஏற்றச் சொன்னதையும், பேன் பார் என்று தலையைக் காட்டியபோது அங்கே ஆயிரம் கண் தெரிந்ததையும். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முன்னம் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்பு நீரில்தான் விளக்கு எரிக்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. வைகாசியில் லீவு கிடைக்கிறவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் பிறகு கதையுங்கள். அந்த நாட்களில் அறை கேட்டு என்னிடம் வராதீர்கள், இராது.

இன்னொரு நாள் மாங்குளம் வீதியால் ஒட்டுசுட்டான் பக்கம். தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுக் கற்சிலைமடுவுக்குப் போகலாம். வன்னியை ஆண்ட பண்டார வன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரனிடமிருந்து பிடித்தவன். அதே வருடம் ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்த இடம் கற்சிலைமடு. அங்கே கல் நாட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்த வீதியில் ஆடி மாதம் நீங்கள் வண்டியை நிறுத்தவேண்டிய இடம் வேறு. பாலைப்பழம் விற்கிற இடம். மஞ்சளாக, விரல் நுனி அளவில் இருக்கும். நாலைந்து தின்றதும் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், கதைக்க முடியாது. அதற்காகக் கரடியும் காட்டுக்குள் மரத்தடிக்கு வரும் என்பதால் நீங்களே பொறுக்கப் போகவேண்டாம், வாங்கித் தின்னுங்கள். திரும்பி வரும்போது வறுத்த கச்சானும், அதுதான் நிலக்கடலை, வாங்குங்கள். எங்கள் மணலில் விளைகிற கச்சானுக்கு ஒரு தனி ருசி. இதைச் சொல்ல எனக்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

இரணைமடுக் குளக்கட்டில் ஒரு பின்னேரம் நடக்கலாம். 1902இல் வேலை தொடங்கிய குளம், கிளிநொச்சியில் நிறைய வயல் அதை நம்பித்தான் இருக்கிறது. மடு மாதா கோயிலுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். ஓகஸ்ட் 15 திருவிழாவை ஒட்டிப் போனால் சனத்துக்குள் நசுங்கவேண்டி வரும், சைவக்காரர்களும் தவறாமல் போகிற கோயில் அது. மார்கழியில்தான் லீவு என்கிறவர்களுக்குக் கடல் கிடையாது, பதிலுக்குச் சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இலேயே பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம், 2015இல் தேசிய பூங்கா ஆக்கினார்கள். பூநாரைகள் வருகிற காலம் அதுதான்.

குறைகளையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வந்து இறங்கிய பிறகு என்னைத் திட்டுவீர்கள். பெரிய ரிசோர்ட்டை நினைத்துக்கொண்டு வரவேண்டாம். சின்ன விடுதிகள், வீடுகளில் விடுகிற அறைகள், அவ்வளவுதான். ஏசி எல்லா இடத்திலும் இல்லை. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் முற்றத்தில் கதிரை போட்டு இருக்கவேண்டியதுதான். காசு எடுக்கிற மெஷினுக்கு ரவுணுக்கு வரவேண்டும். நீச்சல் உடுப்பு விசயத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு நான் புத்தி சொல்லவில்லை, ஆனால் வலை இழுக்கிற கரையில் மேலே ஒரு ரீசேர்ட் போட்டால் எல்லோருக்கும் வசதி. ட்ரோன் கொண்டுவந்தால் முதலில் அனுமதி எடுங்கள், இல்லாவிட்டால் மினைக்கேடு. பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கவேண்டாம். கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முற்றாக முடியவில்லை, சிவப்புப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள்.

வானை முழுக் கிழமைக்கும் பிடித்து வைக்காதீர்கள். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ரயிலில் வந்து இறங்குங்கள். மிச்சத்தை எங்கள் ஊர் ஓட்டோக்காரரும் பஸ்ஸும் பார்த்துக்கொள்ளும். அந்தக் காசு இங்கே சுற்றினால் நண்டு கொண்டுவருகிற அக்காவுக்கும், உடுப்புத் தோய்க்கிற பிள்ளைக்கும், எனக்கும் ஆடி ஆவணி மாதம் கொஞ்சம் மூச்சு விடலாம். நீங்கள் வெஸ்ரேர்ன் யூனியனில் அனுப்புகிற காசை வாங்கும்போது தலை குனிகிறது. சமைத்துப் போட்டு வாங்கும்போது அப்படியில்லை.

அறைகள் குறைவு என்பதால் சித்திரை வருடப்பிறப்புக்குள் நாளைச் சொல்லிவிடுங்கள். எத்தனை பேர், அதில் மரக்கறிக்காரர் யார், நண்டு இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். உறைப்பைக் குறைக்கச் சொன்னால் குறைப்பேன், ஆனால் ஓரளவுக்குத்தான்.

இப்படிக்கு,
சிலாவத்தைக் கரையிலிருந்து உங்கள் தங்கை