ஆண்டறிக்கை: பன்னெண்டு மாசம், பன்னெண்டு வாளு, காட்டாம விட்ட ஒரு சண்டை

தலைவர் அண்ணன், பொருளாளர், கமிட்டி மெம்பர்ஸ், சந்தா கட்டுனவங்க, கட்டாதவங்க எல்லாருக்கும் செயலாளரோட வணக்கம். இந்த வருசமும் ரிப்போர்ட்ட கூட்டத்துல படிக்காம டைப் பண்ணியே போட்டுடறேன். படிக்க ஆரம்பிச்சா பாதியில டீ வந்துருது, அதுக்கப்புறம் யாரும் காது குடுக்கறதில்ல.

சங்க வேலைய சுருக்கமா சொல்லிடறேன். மாசம் ஒரு கூட்டம் தவறாம நடந்துச்சு, மாடி ஹாலுதான், ஃபேன் பழசுதான், புரொஜக்டர் மட்டும் மழைக்காலத்துல ஒரு தடவ மக்கர் பண்ணி டிவியில பாத்தோம். புதுசா சேந்தவங்கள்ல காலேஜ் பசங்க அதிகம், அதுல பொண்ணுங்களும் நெறைய, இது நல்ல விசயம். கணக்கு வழக்கு பொருளாளர் தனியா போடுவாரு, அதுல நான் தலையிடல.

இப்ப மெயின் விசயம். வருச ஆரம்பத்துல கமிட்டி கூடி கட்டானாகட்டாரிங்கற ஜப்பான் அனிமே தொடர பாக்கறதுன்னு முடிவாச்சு. அதுவும் ஜனவரியில ஒண்ணு பிப்ரவரியில ஒண்ணுன்னு மாசத்துக்கு ஒரே ஒரு எபிசோட். காரணம் இருக்கு, 2010-ல ஜப்பான்ல அது அப்படித்தான் ஒளிபரப்பாச்சு, ஜனவரி டு டிசம்பர் பன்னெண்டு எபிசோட், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட அம்பது நிமிசம். அதுக்கு மூலமான நிசியோ இசினோட நாவலே 2007-ல மாசம் ஒரு புத்தகமா பன்னெண்டு மாசம் வந்ததுதான். அப்ப அவங்க எப்படி காத்துக்கிடந்து பாத்தாங்களோ நாமளும் அப்படியே பாப்போம், வீட்ல போய் முன்கூட்டியே பாக்கக்கூடாதுன்னு ஒரு விதி போட்டோம். விதிய யாரு யாரு மீறுனாங்கன்னு எனக்கு தெரியும், இங்க எழுதல.

வராதவங்களுக்காக கதை ரெண்டு வரியில. ஷிகிசாகி கிகின்னு ஒரு பழைய கொல்லன் செஞ்ச பன்னெண்டு விசேச வாள சேக்கறதுக்கு டோகாமேன்னு ஒரு அம்மா கிளம்பறாங்க, வெள்ளை முடி, சின்ன உருவம், கத்தி சண்டை சுத்தமா தெரியாது, மூளை மட்டும்தான். அவங்க கூட்டிட்டுப் போற ஆளு ஷிச்சிக்கா, தீவுல வளந்தவன், கையில வாளே எடுக்காத வாள்வீரன், அவன் ஒடம்புதான் அவனுக்கு வாள். ஒயிட் ஃபாக்ஸ் ஸ்டூடியோ, டைரக்சன் கெய்டாரோ மோட்டோநாகா. படம் பூரா பேச்சு. நடந்துக்கிட்டே பேச்சு, எதிரி முன்னால நின்னுக்கிட்டு பேச்சு, ஜெயிச்சப்புறம் ஏன் ஜெயிச்சோம்னு பேச்சு. அம்பது நிமிசத்துல சண்டை அஞ்சு நிமிசம் வந்தா பெருசு. ஜனவரி கூட்டத்துலயே மூணு நாலு பேரு தூங்கிட்டாங்க, நான் பாத்தேன். பிப்ரவரி இனாபா மணல்காட்டுக் கதையும் மார்ச் இசூமோ கோயில் கதையும் கொஞ்சம் புடிச்சுப்போய் கூட்டம் சேர ஆரம்பிச்சுது. அந்த நேரத்துலதான் ஏப்ரல் வந்து சேந்துச்சு.

ஏப்ரல் கூட்டத்தப் பத்தி நெறைய எழுத வேண்டியிருக்கு, ஏன்னா வருசம் பூரா நம்ம க்ரூப்ல நடந்த பாதி பேச்சு அந்த ஒரு நாள பத்திதான்.

மூணாவது எபிசோட் முடியும்போது அடுத்தது என்னன்னு ஒரு முன்னோட்டம் வருது. சாபி ஹாகுஹேய், ஜப்பான்லயே பெரிய வாள்வீரன், அவன்கிட்ட இருக்கறது ஹாக்குத்தோ ஹாரி, பாத்தா அந்தப்பக்கம் தெரியற அளவுக்கு மெல்லிசான வாளு, கொஞ்சம் கோணலா வீசுனாலும் அதுவே ஒடஞ்சிரும், அத வீசறதுக்கே ஒரு கை வேணும். அவனும் ஷிச்சிக்காவும் மோதறத முன்னோட்டத்துல அட்டகாசமா காட்டுறான். மோதற எடம் வேற கன்ரியூ தீவு, 1612-ல மியாமோட்டோ முசாஷியும் சசாக்கி கொஜிரோவும் மோதுனதா சொல்ற அதே தீவு, சாமுராய் கதை பாக்கறவனுக்கு அந்தப் பேர கேட்டாலே ஒரு இது வரும். ஒரு மாசம் பூரா நம்ம பசங்க அந்த முன்னோட்டத்தையே திருப்பித் திருப்பி பாத்துருக்காங்க. ஏப்ரல் கூட்டத்துக்கு நாற்காலி பத்தாம கீழ் வீட்ல இருந்து வாங்கிட்டு வந்தோம்.

படம் ஆரம்பிச்சுது. ஷிச்சிக்கா இல்ல, சாபி இல்ல, ஷிச்சிக்கா வளந்த அந்த தீவு, அங்க தனியா இருக்கற அவனோட அக்கா நனாமி. எப்பப்பாரு சீக்கு, பெருமூச்சு விட்டுக்கிட்டே பேசற பொண்ணு. அவங்கள பணயமா பிடிக்க மனிவா நிஞ்சா கூட்டத்துல இருந்து மூணு பேரு வர்றாங்க, மூணு பேருக்கும் பூச்சிப் பேரு. ஒருத்தன் நகத்த நீட்டி வெட்டறவன், ஒருத்தன் ஒடம்பு எடைய இல்லாம பண்ணிக்கறவன், ஒருத்தன் இரும்பு முள்ள விரலால சுண்டி விடறவன். சரி இது ஒரு பத்து நிமிசம் ஓட்டிட்டு சண்டைக்கு வருவான்னு எல்லாரும் உக்காந்துருக்கோம். பத்து இருவதாச்சு, இருவது முப்பதாச்சு. அந்த மூணு பேரும் அவங்களுக்குள்ள பேசிக்கறாங்க, இந்த வேலை முடிஞ்சா ஊருக்குப் போய் கல்யாணம் பண்ணிக்கப் போறேங்கறான் ஒருத்தன், அப்பவே டீச்சர் அக்கா "போச்சு, இவன் செத்தான்"னாங்க. நனாமி ஒரு வித்தைய கண்ணால ஒரு தடவ பாத்தா போதும், அப்படியே அவங்களுக்கு வந்துரும். எதிரியோட வித்தையவே அவன் மேல காட்டி ஒவ்வொருத்தனா முடிக்கறாங்க, மூஞ்சியில ஒரு சலனம் இல்ல, ஏதோ வீட்டு வேலை முடிச்ச மாதிரி. ஹால்ல அந்த நேரம் யாரும் பக்கோடா தட்ட தொடல, அது நெசம்.

கடைசியில ஷிச்சிக்காவும் டோகாமேயும் வர்றாங்க. உக்காந்துருக்காங்க. சண்டை முடிஞ்சிருச்சு! எப்பேர்ப்பட்ட சண்டை, நீ அந்த எடத்துல அப்படி பண்ணியே, அவன் இப்படி வந்தானேன்னு ரெண்டு பேரும் ரசிச்சு ரசிச்சு பேசறாங்க. நமக்கு ஒரு வெட்டு கூட காட்டல. எபிசோட் முடிஞ்சுது.

ஹால்ல ரெண்டு செகண்டு சத்தமே இல்ல, அப்புறம் ஒரே கத்தல். ஒரு தம்பி செருப்ப மாட்டிக்கிட்டு கெளம்பியே போயிட்டான். அவன் அப்புறம் க்ரூப்ல போட்ட வாய்ஸ் மெசேஜ்ல இருந்து எழுதக்கூடியத மட்டும் எழுதறேன்: "கல்யாணத்துக்கு கூப்பிட்டுட்டு, வாசல்லயே நிறுத்தி, சாப்பாடு பிரமாதம்னு சாப்ட்டவன் சொல்றத கேட்டுட்டு போன்னு அனுப்புன மாதிரி இருக்கு." இதுக்கு இருவத்தி சொச்சம் பேரு லைக் போட்டிருந்தாங்க.

இன்னொரு தரப்பு விழுந்து விழுந்து சிரிச்சுது. படம் பூரா பேசியே ஓட்டறவன் இருக்கறதுலயே பெரிய சண்டையையும் பேசியே முடிச்சுட்டான், இதவிட நேர்மையா எவன் படம் எடுப்பான்னு கேட்டாங்க. டீச்சர் அக்கா ஒரு படி மேல போய், போரை நேர்ல காட்டணும்னு என்ன சட்டம், கலிங்கத்துப்பரணியில குலோத்துங்கன் படை ஜெயிச்சத பேய்தானே வந்து காளிக்கிட்ட சொல்லுது, நாம கேக்கலையான்னாங்க. ஜப்பான்லயும் கோடான்னு ஒரு கலை இருக்கு, சின்ன மேசை முன்னால உக்காந்து விசிறியால டப்பு டப்புன்னு தட்டிக்கிட்டு ஒரே ஆளு போர்க்கதை சொல்றது, அதுவும் வந்துச்சு பேச்சுல. அதுக்கு வாய்ஸ் மெசேஜ் தம்பி சொன்ன பதில்தான் இந்த வருசத்தோட சிறந்த பதில்னு நான் நெனைக்கறேன்: "அக்கா, பரணி கேக்க வந்தவனுக்கு ஜெயங்கொண்டார் ஒரு மாசம் முன்னாடி ட்ரெயிலர் காட்டலையே."

இதுல செயலாளர்ங்கற முறையில நான் நடுநிலை, தனி ஆளா எனக்கு கருத்து இருக்கு. எபிசோட் நல்ல எபிசோட். அந்த சாபி சண்டைய காட்டியிருந்தா இன்னொரு நல்ல சண்டை, அவ்வளவுதான், அதுக்குப் பதிலா நனாமி யாருன்னு காட்டிட்டான். ஷிச்சிக்கா ஜப்பான்லயே பெரிய ஆள ஜெயிச்சுட்டான், அதே நாள்ல வீட்ல இருக்கற அக்கா அவனவிட பயங்கரம்னு பாக்கறவனுக்கு மட்டும் தெரியுது. ஆனா முன்னோட்டம் பொய். அதுல நான் தம்பி பக்கம். நாவல்லயும் அந்த சண்டை கிடையாது, அதனால நாவல் படிச்சவங்க 2010-ல சிரிச்சுக்கிட்டே காத்துருந்துருப்பாங்க, படிக்காதவங்க ஒரு மாசம் ஏமாந்தாங்க, நம்மள மாதிரியே. ஒரே மூச்சுல பன்னெண்டையும் பாக்கறவனுக்கு இது ஒரு குறும்பு, அஞ்சு நிமிசத்துல மறந்துட்டு அடுத்தத போட்ருவான். மாசம் ஒண்ணு பாக்கறவனுக்கு இது துரோகம். நாம போட்ட விதிதான் இந்தக் கோவத்தயே நமக்கு குடுத்துச்சு, அந்த வகையில கமிட்டி முடிவு சரியான முடிவு.

மே கூட்டத்துக்கு ஆள் கொறஞ்சுது, ஜூன்ல இன்னும். அந்த ரெண்டு மாசம் பத்தி சொல்ல பெருசா இல்ல, கவசமா இருக்கற வாளும் தூக்கவே முடியாத கனமான வாளும். ஜூலையில ஏழாவது எபிசோட், தோசாவுல ஷிச்சிக்காவுக்கு எதிர்ல நிக்கறது நனாமி. கெளம்பிப் போன தம்பி அன்னைக்கு முதல் வரிசையில இருந்தான். ஏப்ரல்ல அந்த மூணு பேரு செத்தத பாக்காம இருந்தா இந்த சண்டையில பயமே வந்துருக்காதுன்னு அவனே சொன்னான், முன்னோட்டத்த மட்டும் மன்னிக்க மாட்டேன்னு சேத்தும் சொன்னான்.

அப்புறம் செப்டம்பர். எடம் தெண்டோ, இன்னைக்கும் ஷோகி, அதாவது ஜப்பான் சதுரங்கம், அதோட காய் செய்யறதுக்கு பேர் போன ஊரு. சண்டை நடக்கும்போது டோகாமே பக்கத்துல இருந்து ஷோகி நகர்வா கத்திக்கிட்டே இருக்காங்க, ஷோகி தெரிஞ்ச எதிரி மனசு தன்னால அந்த ஆட்டத்துக்குப் போயி தோத்துப்போறா. பேச்சாலயே ஒரு சண்டைய ஜெயிச்சது அதுதான், அன்னைக்கு யாரும் பேச்சு ஜாஸ்தின்னு புகார் குடுக்கல. அக்டோபர் எபிசோட் கிட்டத்தட்ட முழுக்க உக்காந்து பேசறது, வாளுக்கு அலகே கிடையாது, வெறும் பிடி. ஜனவரியில தூங்குன ஆளுங்க அதுக்கு கண்கொட்டாம உக்காந்துருந்தாங்க.

நவம்பர் முடிவுல டோகாமேய சுட்டுடறாங்க, டிசம்பர்ல சாகறதுக்கு முன்னால அவங்க பேசற பேச்சு நீளமா போகுது. நான் உன்ன நெசமா விரும்புனேனா இல்ல அதுவும் கணக்கான்னு போற பேச்சு. அதுக்கப்புறம் ஷிச்சிக்கா கோட்டைக்குள்ள போறான், வருசம் பூரா பேசிப் பேசி சேத்த பதினோரு வாளையும் வச்சிருக்கறவங்கள ஒவ்வொருத்தரா அடிச்சு ஒடச்சுக்கிட்டே போறான். அந்த மெல்லிசு ஹாரியும் அதுல ஒண்ணு, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போச்சு. "இதயாச்சும் காட்டுனானே"ன்னு பின்னால இருந்து ஒரு குரல், யாருன்னு சொல்லத் தேவையில்ல. ஹால்ல அழுதவங்களும் சிரிச்சுட்டாங்க.

தீர்மானம் ஒண்ணு வந்துச்சு: இனிமே சங்கத்துல எபிசோட் முடிஞ்சதும் முன்னோட்டம் வர்றதுக்கு முன்னால நிறுத்திடணும். கொண்டு வந்தது வாய்ஸ் மெசேஜ் தம்பி, வழிமொழிஞ்சது டீச்சர் அக்கா, இது எனக்கே ஆச்சரியம். ஓட்டுக்கு விட்டதுல தோத்துப்போச்சு. அடுத்த மாசம் கூட்டம் வர்றதே அந்த முன்னோட்டத்தாலதான்னு பொருளாளர் சொன்னது எடுபட்டுருச்சு.

அடுத்த வருசம் என்ன பாக்கறதுன்னு ஜனவரி கூட்டத்துல முடிவாகும். ஒரு கோஷ்டி இந்த தடவ பேச்சே இல்லாம சண்டை மட்டும் வேணும்ங்கறாங்க, இன்னொரு கோஷ்டி இதே மாதிரி மாசம் ஒண்ணு வர்றது வேற இருந்தா சொல்லுங்கங்கறாங்க. பேர் குடுக்கறவங்க எத்தன எபிசோட், எத்தன நிமிசம்னு சேத்து எழுதிக் குடுங்க. சந்தா பாக்கி இருக்கறவங்க ஓட்டுப் போடறதுக்கு முன்னால கட்டிடணும், இது கமிட்டி முடிவு, எங்கிட்ட வந்து சண்டை போடாதீங்க.