அறக்கட்டளைப் பொழிவுக்கு ஆள் எப்படி வரும்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியைத் தவறாமல் பார்ப்பவன் நான். கோயில் விழா, புத்தக வெளியீடு, பட்டிமன்றம் எல்லாம் இருக்கும். யாரோ போட்டுவைத்த வைப்புத்தொகையின் வட்டியில் பல்கலைக்கழகங்களில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவு மட்டும் கண்ணில் படுவதே அபூர்வம். நடக்காமல் இல்லை. நடந்து முடிந்த மறுநாள் குத்துவிளக்கு ஏற்றும் படத்தோடு செய்தியாக வரும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர் வில்லியம் மேயர் அறக்கட்டளை சார்பில் 1946-47இல் வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி ஆற்றிய உரைகள்தான் 1949இல் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் வரலாறாகப் புத்தகமாயின. அதே பல்கலைக்கழகத்தின் சொர்ணம்மாள் அறக்கட்டளைத் திருக்குறள் பொழிவுகளும் நூலாக வந்தன. பேச வருகிறவர் புதிதாக எதையாவது சொல்ல வேண்டும், சொன்னது அச்சில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்த காலம் அது.

சென்ற ஆண்டு ஒரு பல்கலைக்கழகத்தில் சோழர் கால ஏரிப் பராமரிப்பு பற்றிய பொழிவுக்குப் போயிருந்தேன். அழைப்பிதழ் முந்தின நாள் இரவுதான் நண்பர் மூலம் வாட்ஸ்அப்பில் வந்தது. வேலை நாள், காலை 11 மணி. வாயில் காவலர், “எந்தக் காலேஜ் சார்?” என்றார். சும்மா கேட்க வந்தேன் என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துறைக்கு போன் போட்டு விசாரித்த பிறகே விட்டார். அரங்கில் முதலாண்டு மாணவர்கள். வருகைப் பதிவுத் தாள் வரிசை வரிசையாகக் கைமாறிக்கொண்டிருந்தது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் பொன்னாடை. பேச்சாளர் மைக் முன் வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கு வந்து, ஏரியைப் பராமரிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் (பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுக்கும் முறையில்) ஆள் எடுக்க என்னென்ன தகுதி பார்த்தார்கள் என்று சொல்லத் தொடங்கினார். மாணவர்களே செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கவனித்த நேரத்தில் பேச்சை முடிக்கச் சொல்லி அவர் கைக்குத் துண்டுச்சீட்டு போனது. மிச்ச ஸ்லைடுகளை மளமளவென்று தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கேள்வி கேட்க நேரமில்லை; சாப்பாடு தயார் என்று அறிவித்தார்கள்.

துறையினரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். குடும்பத்தார் என்றோ போட்ட வைப்புத்தொகையின் வட்டி இன்று பேச்சாளரின் பயணச் செலவுக்கே காணாது. அதனால்தான் நாலைந்து அறக்கட்டளைகளைச் சேர்த்து ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். கருத்தரங்குகளின் கதை வேறு. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கொண்டுவந்த புள்ளிக் கணக்குக்குப் பிறகு, பதிவுக் கட்டணம் கட்டி, ஐந்து நிமிடம் வாசித்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்குக் கருத்தரங்கு என்று பெயராகிவிட்டது. அதில் வெளியாளுக்கு என்ன வேலை?

பாரிஸில் 1530இல் தொடங்கிய கொலேஜ் து பிரான்ஸில் பட்டமும் கிடையாது, கட்டணமும் கிடையாது. யாரும் உள்ளே போய் உட்காரலாம். அங்கே கூட்டம் தாங்காமல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1976இல் தன் உரையை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினார். அப்படியும் கூட்டம் குறையவில்லை. அவர் ஆளைக் குறைக்கச் செய்த தந்திரத்தை நாம் வழக்கமாகவே வைத்திருக்கிறோம்!

இங்கும் ஆள் வராமல் இல்லை. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் உரைகளுக்குப் பொதுமக்கள் வருகிறார்கள். பிறகு யூடியூபிலும் பார்க்க முடிகிறது. பல்கலைக்கழகங்கள் மாலை ஐந்தரைக்கு, ஊருக்கு நடுவே மாவட்ட மைய நூலகத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஒரு நாளில் ஒரு பொழிவு போதும். பொன்னாடையைக் கடைசியில் போர்த்தலாம். பதினைந்து நாள் முன்னதாகத் தகவல் அனுப்பும் துறைகளுக்கு ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இலவசமாக இடம் தருவோம் என்று நீங்களும் ஒரு வரி போடுங்களேன்.

– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
விருதுநகர்.