பெயரும் முகமும் தெரிந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘டெத் நோட்’ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் தடை செய்ய வேண்டும் என்று சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒரு தாயார் எழுதியிருந்தார். அதன் 37 பகுதிகளையும் பார்த்தவன் நான். வயது 67. நீலகிரி மாவட்டக் காவல் நிலையங்களில் 19 வருடம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். யார் பெயரை எந்த நோட்டில் எழுதுவது என்பதுதான் என் உத்தியோகம். அதனால் இந்தத் தொடரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

தீபாவளி லீவுக்குக் கோயம்புத்தூர் கல்லூரியிலிருந்து பேத்தி வந்திருந்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து பஸ் ஓடவில்லை. குமுட்டியில் கரி போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய லேப்டாப்பில் நான்கு ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம்.

பார்க்காதவர்களுக்காக: லைட் யாகமி என்ற கெட்டிக்காரப் பள்ளி மாணவன். ர்யூக் என்ற மரண தேவன் பொழுது போகாமல் பூமியில் போட்டுவிட்ட நோட்டு ஒன்று அவன் கையில் கிடைக்கிறது. அதில் ஒருவர் பெயரை எழுதினால் அவர் செத்துப்போவார். எப்படிச் சாக வேண்டும் என்று குறிப்பிடாவிட்டால் 40 வினாடியில் மாரடைப்பு. எழுதும்போது அவருடைய முகம் மனதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலிக்காது. அதே பெயருள்ள வேறு ஆட்கள் சாகாமலிருக்கத்தான் இந்த விதி. கெட்டவர்களே இல்லாத உலகம் செய்கிறேன் என்று லைட் குற்றவாளிகளின் பெயர்களாக எழுதித் தள்ளுகிறான்.

முகம் பற்றிய அந்த விதியைக் கேட்டதும், “நிறுத்தும்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றில் போய்ப் ‘போஜன்’ என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயன்களில் முருகன்களுக்குக் கணக்கில்லை. தகப்பன் பெயர், ஊர், வயது, அங்க அடையாளம் எல்லாம் கேட்டு எழுதினால்தான் எஃப்.ஐ.ஆர். நிற்கும். இதை யோசித்து ஒரு விதியாக வைத்த கதாசிரியர் சாதாரண ஆள் இல்லை என்று அப்போதே தெரிந்தது. சுகுமி ஓபா எழுத, டகேஷி ஒபாட்டா வரைந்த சித்திரக்கதை இது. மேட்ஹவுஸ் நிறுவனம் டெட்சுரோ அராக்கியின் இயக்கத்தில் எடுத்த தொடர் 2006 அக்டோபரிலிருந்து 2007 ஜூன் வரை ஜப்பானில் ஒளிபரப்பானது.

இதன் பெரிய பலம் புலன்விசாரணை. இரண்டாம் பகுதி ஒன்றே போதும். இந்தச் சாவுகளை விசாரிக்கும் ‘எல்’ என்ற துப்பறிவாளன், தன் பெயரில் ஒருவனை டிவியில் பேசவிடுகிறான். கோபத்தில் லைட் அவன் பெயரை எழுத, அவன் கேமரா முன்னாலேயே சாகிறான். அப்புறம்தான் எல்லின் குரல் வருகிறது: செத்தவன் அன்று தூக்குக்குப் போக இருந்த கைதி, உலகம் முழுக்க ஒளிபரப்பு என்று சொன்னதும் பொய், டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ பகுதியில் மட்டும்தான் காட்டினார்கள். ஏன் கான்டோ? முதலில் செத்தவன் டோக்கியோவில் ஷின்ஜுகு பகுதியில் பிள்ளைகளைப் பணயமாகப் பிடித்த ஒரு சில்லறைக் குற்றவாளி, அந்தச் செய்தி ஜப்பானுக்கு வெளியே போகவேயில்லை. முதல் கேஸ் எங்கே நடந்தது என்று பார், ஆள் அதன் பக்கத்தில்தான் இருப்பான் என்று எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஏட்டையா சொல்வார். அதையே நான் அங்கே கண்டேன். அடுத்து, சாவுகள் விழுந்த நேரத்தை வைத்தே இவன் படிக்கிற பையன் என்கிறான் எல். ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பான ஜி.டி.யில் நேரம் எழுதாமல் விட்டதற்கு இன்ஸ்பெக்டரிடம் திட்டு வாங்கியவர்களுக்கு அந்த இடத்தின் அருமை தெரியும். லைட்டின் அப்பாதான் விசாரணை அதிகாரி, பையன் அவருடைய கம்ப்யூட்டரிலிருந்தே போலீஸ் தகவலைத் திருடுகிறான். கேஸ் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்பதும் ஏட்டையா சொன்னதுதான்.

ர்யூக்கையும் எனக்குப் பிடித்தது. நம் சித்திரகுப்தனைப் போலப் பாவ புண்ணியக் கணக்குப் பார்க்கிறவன் இல்லை. தூண்டுவதுமில்லை, தடுப்பதுமில்லை. ஆப்பிள் தின்றுகொண்டு வேடிக்கை பார்க்கிறான். செய்கிறதெல்லாம் பையன்தான் என்பது அதனாலேயே பளிச்சென்று தெரிகிறது.

25ஆம் பகுதியில் எல் செத்த பிறகு தொடர் இறங்கிவிடுகிறது. சித்திரக்கதையில் கிட்டத்தட்டப் பாதி மிச்சம் இருக்கும்போது, அதையெல்லாம் 12 பகுதியில் அடைத்துவிட்டார்கள். நியர், மெல்லோ என்று புதிதாக வருகிறவர்கள் மனதில் தங்கவில்லை. பெண்களை நடத்திய விதமும் எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்க எஃப்.பி.ஐ.யில் இருந்த நவோமி மிசோரா தனியாளாக உண்மையின் பக்கத்தில் வந்து நிற்கிறாள். லைட்டிடம் முதலில் பொய்ப் பெயர்தான் சொல்கிறாள். அவ்வளவு எச்சரிக்கையானவளை அதே பேச்சில் உண்மைப் பெயரைச் சொல்லவைத்து, பிணம் கூடக் கிடைக்காமல் செய்துவிடுகிறார்கள். லைட்டைக் காதலிக்கும் மிசா அமானே, முகத்தைப் பார்த்தாலே பெயர் தெரிகிற கண்ணுக்காக ஆயுளில் பாதியை இரண்டு தடவை விட்டுக்கொடுக்கிறாள். அந்த இழப்பு அவளுக்குள் என்ன செய்தது என்று கதை கேட்கவே இல்லை.

இதெல்லாம் சின்னக் குறை. பெரிய குறைக்கு வருகிறேன். லைட்டுக்குப் பெயர் எங்கிருந்து கிடைக்கிறது? டிவி செய்தி, போலீஸ் ஆவணம். அங்கே முகம் வந்தாலே அவன் குற்றவாளி. பிடிபட்டவன் வேறு, செய்தவன் வேறு என்று இருக்கலாமே என்ற கேள்வியில் இந்தத் தொடர் ஓர் அத்தியாயம் கூட நிற்கவில்லை. கொல்லும் சக்திதான் கொடியது என்று லைட்டின் அப்பா ஓர் இடத்தில் சொல்கிறார். நல்ல பேச்சு. ஆனால் அவரும் ஒரு போலீஸ்காரர். எங்கள் கை தவறும் என்பதையும் அவர் வாயால் சொல்லவைத்திருக்க வேண்டும்.

எங்கள் கை தவறியிருக்கிறது. ஒரு தேயிலைத் தோட்டத்தில் மோட்டார் திருட்டு. சந்தேகம் என்று ஒரு தொழிலாளியின் பெயரைச் சொன்னார்கள், 22 வயசு. எழுதியது நான்தான். மறுநாள் ஒரு பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. மூன்று வாரம் கழித்து, அதே பெயருள்ள இன்னொருவன் மோட்டாரோடு அகப்பட்டான். முதல் ஆள் வெளியே வந்த செய்தி எதிலும் வரவில்லை. லயனில் அவருடைய அம்மாவிடம் அக்கம்பக்கத்தார் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அந்த முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. லைட்டின் நோட்டாக இருந்தால் முகம் சரி, பெயரும் சரி, 40 வினாடி போதும்.

கடைசிப் பகுதி முடிந்ததும் பேத்தி கேட்டாள்: “தாத்தா, நீங்க எழுதின பேர்ல எத்தனை பேருக்கு விடுதலை ஆச்சு?” நிறையப் பேர் என்றேன். கோர்ட்டில் தீர்ப்பு வந்ததும் ரெஜிஸ்டரில் அந்தப் பெயருக்கு நேரே முடிவை எழுதுவதும் ரைட்டர் வேலைதான். டெத் நோட்டில் அப்படி ஒரு கட்டம் கிடையாது.

அந்தத் தாயாருக்கு என் பதில்: தடை கேட்காதீர்கள், கூட உட்கார்ந்து பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், பத்தாம் வகுப்புக்கு மேல் பார்க்கலாம். நடுவில் நிறுத்தி, “இந்த ஆள்தான் செஞ்சான்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது, ஐயா. கைதானவர் என்று எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிதாகப் படம் போடுகிறீர்களோ, அவர் விடுதலையானதும் அதே பக்கத்தில், அதே அளவில் செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்,
கோத்தகிரி.